வெள்ளிக்கு எட்டு நாள், வியாழனுக்கு ஒரு மாதம்

மண்டபம் முகாம்,
14.10.1973

அன்புள்ள பரிமளம்,

நான் சுகம். நீ எப்படி என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், பொய்க்காரி. இருந்தாலும் கேட்கிறேன்.

கண்டி ஸ்டேசனில் சுற்றி நின்ற சனமெல்லாம் கோச்சியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தது. நீ மட்டும், "சம்பல் வச்சிருக்கேன், மத்தியானத்துக்குள்ள சாப்பிட்டுருங்க, ஊசிப் போயிரும்" என்றாய். ஊரே போகாதே போகாதே என்று கத்தும்போது என் பெண்டாட்டிக்குச் சம்பல் கவலை! மதவாச்சி வரைக்கும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

முகாமில் பெயர் பதிகிறவர், "சம்சாரம் எங்கப்பா?" என்று கேட்டார். கண்டியில் என்றேன். "ஏன், கோவமா?" என்கிறார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நமக்குக் கல்யாணம் ஆகுமுன்பே என் அப்பா இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டார், என் பெயரையும் சேர்த்து. எழுதியவர் செத்துப் போனார், பாஸ்போர்ட் எனக்கு வந்தது. உன் அப்பாவோ நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே உன்னை இலங்கைப் பிரஜையாகப் பதிந்துவிட்டார். ஒரே கட்டிலில் படுத்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர் என்றால் அந்த மனுசன் சிரிக்க மாட்டாரா? "விசா கெடச்சதும் வந்துருவா" என்று மட்டும் சொன்னேன். வந்துவிடுவாய்தானே?

சாயங்காலம் கடல் ஓரமாக நின்றால் மேற்கே வெள்ளி பளபளவென்று தெரிகிறது. நல்ல வேளை, இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான். தினமும் ஆறரைக்கு நீ நம் விறாந்தையில் நின்று அதைப் பார். நான் இங்கிருந்து பார்க்கிறேன். சினிமாக்காரன் மாதிரிப் பேசுகிறான் என்று சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை மயானத்துக்குப் போகும்போது பாப்பாவிடம் அப்பா வேலை தேடப் போயிருக்கிறார் என்று சொல். கடைசியாகப் போன அன்று நான் ஒன்றுமே சொல்லாமல் வந்துவிட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன்,
சேதுராமன்

*

அம்பிட்டிய,
4.11.1973

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன், தலைக்கனம் வந்துவிடும். நான் உண்மையாகவே சுகம். அப்பாவுக்குத்தான் முழங்கால் வீங்கி, கடைக்கு ஒரு நாள் போனால் மறுநாள் கதிரையில் உட்கார்ந்துவிடுகிறார். சீனிக்கும் பாணுக்கும் வரிசை, பேக்கரி வாசலில் விடியுமுன்பே சனம் நிற்கிறது. மற்றபடி கண்டி அதே கண்டிதான், மழை விடுவதாக இல்லை.

ஆறரைக்கு விறாந்தையில் நிற்கிறேன். மேகம் விலகுகிற நாளில் ஹந்தானை மலைக்கு மேலே வெள்ளி நிற்கிறது. ஆனால் அத்தான், சயன்ஸ் டீச்சரைக் கட்டியும் உங்களுக்கு இது தெரியாமல் போயிற்றே! போயும் போயும் வெள்ளியையா பிடித்தீர்கள்? போன வாரம்தான் ஏழாம் வகுப்புக்கு இதைப் படிப்பித்தேன், நீங்களும் கேளுங்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நாலும் அகக்கோள்கள். சின்ன உருவம், பாறை, காலூன்றத் தரை உண்டு. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் எல்லாம் புறக்கோள்கள். ஆள் பெரிய ஆள், சுற்றிலும் சந்திரன்கள் வேறு, ஆனால் இறங்கி நிற்கத் தரையே கிடையாது, எல்லாம் வாயு.

வெள்ளி நம் பூமிக்கும் உள்ளே சுற்றுகிறது. அதனால் சூரியனை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாது, அந்தியில் இருக்கும் அல்லது விடியலில் இருக்கும். வருகிற ஜனவரி கடைசியில் நமக்கும் சூரியனுக்கும் குறுக்கே ஓடும். அப்போது எட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள் கண்ணில் படாது. பிறகு விடியற்காலை கிழக்கே வந்து நிற்கும். வியாழன் அப்படியில்லை. வெளியே சுற்றுகிறவர் சூரியனுக்கு அந்தப் பக்கம் போனால் திரும்பத் தலைகாட்ட ஒரு மாதமாகும். யோசித்துப் பார்த்தேன். உங்கள் பொறுமை எட்டு நாளுக்குத்தான் காணும், வெள்ளியே இருக்கட்டும்.

கைரியா டீச்சர் என் வகுப்புக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "செவ்வாய் நம்மட பாதைக்கு வெளியிலதானே சுத்துது, அத ஏன் உள்ளுக்குச் சேர்த்தீங்க?" என்று மடக்கினார். "அதுவும் எங்களைப் போல மண்ணும் கல்லும்தானே, பாதைதான் வெளியே" என்றேன். சொல்லி முடித்ததும் உங்கள் ஞாபகம் வந்து, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாப்பாவிடம் போனேன். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அடைமழையில் மேடு மறுபடி கரைந்திருந்தது. பக்கத்திலிருந்து மண் அள்ளிப் போட்டுக் கையால் தட்டிவிட்டு வந்தேன். நட்ட செவ்வரத்தைச் செடி துளிர்த்திருக்கிறது. "அஞ்சு மாசம் இருந்த புள்ளைக்கு ஒன்றர வருசமா அழுவுறியேம்மா" என்று அப்பா சொல்கிறார். நான் எங்கே அழுகிறேன்? மண் போடுகிறேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகாம் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

உங்கள்,
பரிமளம்

*

திருச்சி,
16.12.1973

அன்புள்ள பரிமளம்,

வேலை கிடைத்துவிட்டது! ஒரு நூல் ஆலை. காலை ஆறு மணி ஷிப்ட். உள்ளே போனால் பஞ்சு தலையெல்லாம் ஒட்டி, மத்தியானம் கிழவனாக வெளியே வருகிறேன். நீ பார்த்தால் அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்துவாய்.

அறையும் பிடித்திருக்கிறேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் கிணறு. வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி, நான் "போத்தல்" என்றால் சிரிக்கிறாள், "அலுமாரி" என்றால் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிக்கிறாள். உனக்கென்று சுவரில் ஒரு பலகை அடித்திருக்கிறேன், உன் புத்தகங்களுக்கு. அது இப்போது சும்மா இருக்கிறது.

விசா வந்த செய்தியை மாமா எழுதியிருந்தார். மார்ச் முடியும் வரைக்கும்தான் செல்லும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். ஜனவரி ஒன்பதாம் திகதி புதன்கிழமைக் கப்பலுக்கு வா. நான் மூன்று நாள் லீவு கேட்டு, மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிவிட்டேன். ராமேஸ்வரம் ஜெட்டியில் நிற்பேன். மாமாவுக்கு முழங்கால் தேறியதும் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பேப்பரில் பார்த்தாயா, அமெரிக்காக்காரன் அனுப்பிய கலம் வியாழனையும் தாண்டிவிட்டதாம். அது திரும்பியே வராதாம். வீட்டில் ஒரு பெண்டாட்டி இருந்திருந்தால் விட்டிருப்பாளா?

பாப்பாவிடம் சொல்லிக்கொண்டு வா. எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடு.

வழி பார்த்திருக்கும்,
சேதுராமன்

*

அம்பிட்டிய,
4.1.1974

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்ததில் அப்பாவுக்கும் எனக்கும் ரொம்பச் சந்தோசம்.

ஒன்பதாம் திகதி நான் வர முடியாமல் இருக்கிறது. அப்பா பஞ்சாங்கம் பார்த்தார். வெள்ளி வானத்தில் மறைகிற மூடம் வருகிறது. மூடத்தில் பெண் புருசன் வீட்டுக்குப் பயணப்படக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வயசான மனுசர், எப்படி மீறிப் போவது? இங்கே வெள்ளி ஏற்கெனவே பலா மரத்துக்கும் ஹந்தானைக்கும் பின்னால் போய்விட்டது. ஆறரைக்கு நின்று பார்க்கிறேன், காணவில்லை.

பிப்ரவரி பிறந்ததும் வருகிறேன். நீங்கள் வீணாக ராமேஸ்வரம் போய்விடக் கூடாதென்று திங்கட்கிழமை தந்தி அடிக்கிறேன். கோபப்படாதீர்கள். எனக்குக் கொஞ்ச நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை.

உங்கள்,
பரிமளம்

*

திருச்சி,
14.1.1974

அன்புள்ள பரிமளம்,

இன்றைக்குப் பொங்கல். வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். அது அப்படியே இருக்கிறது.

உன் தந்தி நான் கிளம்பிப் போன பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்பதாம் திகதி நான் ஜெட்டியில்தான் நின்றேன். புதுச் சேலை ஒன்று, நாலு முழம் மல்லிகைப் பூ. கப்பல் வந்தது. பெட்டியும் பிள்ளையுமாக இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தேன். கடைசி ஆள் இறங்கிய பிறகு, "இன்னும் உள்ள யாரும் இருக்காங்களா?" என்று போலீஸ்காரரிடம் கேட்டேன். "இருந்தா வரமாட்டாங்களா?" என்றார். நியாயமான பேச்சுத்தான்.

அன்று சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மணி ஆறரை. மேற்கே கடலுக்கு மேல் வெள்ளி இருந்தது, பரிமளம். கொஞ்சம் தாழ்ந்து, ஆனால் குண்டாக, நன்றாக இருந்தது. பூ விற்ற கிழவிக்கே கண்ணில் பட்டது. மலை மறைத்ததையா மூடம் என்று எழுதினாய்? ஜனவரி கடைசியில்தான் மறையும், அதுவும் எட்டுப் பத்து நாள்தான் என்று எனக்குப் படிப்பித்ததே நீதானே.

மாமா பஞ்சாங்கம் பார்க்கிறவரா? நம் கல்யாணத்துக்கே சாதகம் பார்க்காமல், "புள்ளைங்களுக்குப் புடிச்சிருக்கு, போதும்" என்ற மனுசன் அவர். சரி, விடு. வயசானால் பயம் வரும்தான். நான் கோபப்படவில்லை. காய்ச்சல் என்று எழுதியிருந்தாய், அதுதான் மனசை அரிக்கிறது. இப்போது எப்படி இருக்கிறாய்?

மேஸ்திரி மறுபடி லீவு தர மாட்டேன் என்கிறார். காலில் விழுந்தாவது வாங்குவேன். பிப்ரவரி முதல் வாரம் வந்துவிடு. சேலை பலகையில் இருக்கிறது.

உன்,
சேதுராமன்

*

அம்பிட்டிய,
10.2.1974

அன்புள்ள அத்தான்,

காய்ச்சல் போய்விட்டது. நீங்கள் ஜெட்டியில் நின்றதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மல்லிகைப் பூவை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே.

வெள்ளி வந்துவிட்டது. பாண் வாங்க விடியுமுன்பே போய் வரிசையில் நிற்கிறேன் அல்லவா, கிழக்கே பார்த்தால் தலைக்கு நேரே வருகிற மாதிரி அவ்வளவு வெளிச்சம். முன்னால் நின்ற அம்மாவின் தோளைத் தட்டிக் காட்டினேன். "பாணக் காட்டுவன்னு பாத்தா வெள்ளியக் காட்டுற" என்றாள்.

அத்தான், இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இப்போது வியாழன் மறைந்திருக்கிறது. குரு மூடம். வெள்ளி மூடத்துக்குப் பார்த்துவிட்டு குரு மூடத்துக்குப் பார்க்காமல் விட்டால் நன்றாக இருக்காது. மார்ச் முதல் வாரம் கழியட்டும். பள்ளிக்கூடத்திலும் தவணைப் பாடங்களை நடுவில் விட்டுவிட்டு வந்தால் பிள்ளைகளுக்குக் கஷ்டம். அப்பாவின் முழங்காலும் இன்னும் தேறவில்லை. விசாவுக்குத்தான் மார்ச் கடைசி வரை நாள் இருக்கிறதே.

பாப்பாவிடம் தவறாமல் போகிறேன். செவ்வரத்தை முதல் பூ பூத்திருக்கிறது. சிவப்பில்லை, ரோஸ் நிறம்.

உங்கள்,
பரிமளம்

*

திருச்சி,
24.2.1974

பரிமளம்,

வெள்ளிக்கு எட்டு நாள், பொறுத்தேன். வியாழனுக்கு ஒரு மாதம் என்கிறாய். அடுத்தது யார், சனியா? அவர் ஒரு சுற்றுச் சுற்றவே முப்பது வருசமாகுமே. அதற்குப் பிறகு யுரேனஸ் இருக்கிறார், நெப்டியூன் இருக்கிறார். பஞ்சாங்கத்தில் இல்லாத ஆளையெல்லாம் நீ கண்டுபிடித்து வைத்திருப்பாய்.

நான் முட்டாளில்லை. மாமாவையும் பள்ளிக்கூடத்தையும் முழங்காலையும் எனக்கு எழுதாதே. நீ எதைச் சுற்றிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து உன்னால் ஒரு அடி தள்ளி வர முடியாது. முதல் கடிதத்திலேயே அகக்கோள் அப்படித்தான் என்று எழுதினாய், நான்தான் பாடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் எனக்கும் பிள்ளைதான். அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனது நான். குழிக்குள் இறங்கி வைத்ததும் நான். நீ போய் மண் போடுகிறாய், எனக்கு அதற்கும் வழியில்லை. இங்கே யாரிடமாவது பிள்ளை இருந்தது என்று சொன்னால், "இப்ப எங்க?" என்று கேட்பார்கள் என்று பயந்து, பிள்ளையில்லை என்றே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பெரிய பாவம் அது! நீ பக்கத்திலிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

செத்த பிள்ளைக்கு உன்னிடம் இருக்கிற இடம் உயிரோடு இருக்கிற எனக்கு இல்லையா? எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை. புறக்கோளில் காலூன்றத் தரையில்லை என்றாயே, இங்கே எனக்கு அப்படித்தான் இருக்கிறது. உனக்கு நான் அந்தச் செவ்வாய் மாதிரி, உங்கள் மண்தான், பாதைதான் வெளியே போய்விட்டது. அதையாவது நினைத்துக்கொள்.

காலையில் மில்லுக்கு நடக்கும்போது வெள்ளியைப் பார்க்கிறேன். நீ வரிசையில் நிற்கிற நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு சொல் எழுது. வருவாயா, மாட்டாயா?

சேதுராமன்

*

அம்பிட்டிய,
16.3.1974

அன்புள்ள அத்தான்,

மாட்டேன்.

முதலிலேயே எழுதிவிட்டேன். தள்ளிப்போட்டால் இந்தக் கடிதத்திலும் எழுதாமல் விட்டுவிடுவேன்.

பஞ்சாங்கம் அப்பா பார்க்கவில்லை. அலுமாரிக்கு மேலே கிடந்ததை நான்தான் எடுத்தேன். டிசம்பரில் காய்ச்சலில் படுத்திருந்தேனே, அப்போது இரண்டு வெள்ளிக்கிழமை மயானத்துக்குப் போக முடியவில்லை. நல்ல மழை. உங்களிடம் வர நாள் நெருங்கிவிட்டது, சொல்லிக்கொண்டு வரலாம் என்று மூன்றாம் வெள்ளிக்கிழமை போனேன். கையில் உங்கள் கடிதத்தைக்கூட வைத்திருந்தேன். மேட்டைக் காணவில்லை, அத்தான். எல்லாம் சமதரை. செவ்வரத்தை சாய்ந்து கிடந்தது. அந்த இடத்தில் யாரோ ஒரு குச்சி நட்டு நூல் கட்டியிருந்தார்கள்.

காவல்காரர் ஓடி வந்தார். "ஆள் வராம மேடு கரைஞ்சுட்டா வேற புள்ளைக்குக் குடுத்துருவோம்மா. எடம் காணாது, நாங்க என்ன செய்ய? நீங்களும் கப்பல்ல போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. எத்தனை பேர் அப்படிப் போய்விட்டார்கள்! அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்தேன். நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்துவிட்டார். அன்று இருட்டும் வரைக்கும் மண் அள்ளினேன். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்லத் தைரியமில்லை, கிரகத்தின் தலையில் போட்டேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று பிள்ளைகளுக்கு அதெல்லாம் மூடநம்பிக்கை என்று படிப்பிக்கிறவள் நான். அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல?

அப்பா என்னைப் பிடித்து வைக்கவில்லை. "போம்மா, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான் போயிப் பாத்துக்கிறேன்" என்கிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு விறாந்தைப் படியில் ஏறவே அவருக்கு இரண்டு பேர் வேண்டும். மயானத்து ஏற்றத்தை அவர் எப்படி ஏறுவார்?

உயிரோடு இருக்கிற எனக்கு இடமில்லையா என்று கேட்டீர்கள். அந்த வரியை அடிக்காமல் விட்டது நல்லது. இடம் இருக்கிறது. அந்தப் புதுச் சேலையை ஒரு நாளாவது கட்டி உங்கள் முன்னால் நிற்க வேண்டும் போலிருக்கிறது. கப்பலில் ஏறினால் இரண்டு நாளில் உங்கள் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றும் தெரியும். ஆனால் உங்களுக்கு நாளைக்கு ஒரு வீடு வரும், நாலு சனம் வரும், அந்த ஊரும் பழகிவிடும். அவளுக்கு என்னை விட்டால் யார்? நான் வந்தால் உங்களுக்குச் சோறு ஆக்கிப் போடுவேன், சிரித்துப் பேசுவேன். மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் உங்களை வெறுப்பேன். உங்களை வெறுத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் படுக்க என்னால் முடியாது.

விசா இந்த மாதத்தோடு முடிகிறது. மறுபடி கேட்க மாட்டேன். உங்களைக் கட்டிப்போடவும் மாட்டேன். நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்று சொல்லுங்கள். "இப்ப எங்க?" என்று கேட்டால் கண்டியில், அம்மாவோடு என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. பாப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அப்பா போய்விட்டார் என்று சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிறார் என்றுதான் சொன்னேன்.

வெள்ளி இன்னும் சில மாதம் விடியலில்தான் நிற்கும். நீங்கள் மில்லுக்கு நடக்கும் நேரம். பாருங்கள் என்று சொல்ல எனக்கு இனி உரிமையில்லை. நான் பார்ப்பேன். பாண் வாங்க எப்படியும் போகத்தானே வேண்டும்.

பரிமளம்